டயர் நிரம்புவதற்குள் கம்ப்ரசர் நின்றுவிடுகிறதா?

நான்கு 35 அங்குல டயர்களை 15-லிருந்து 35 பிஎஸ்ஐக்கு ஏற்றுவதற்குள் கம்ப்ரசர் சூடாகி நின்றுவிடுகிறது, அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் 150 பிஎஸ்ஐ என்ற அதிகபட்ச அழுத்தத்தை நம்பி வாங்கியிருப்பீர்கள். அது இங்கே உதவாது. டியூட்டி சைக்கிளைப் பாருங்கள், அதாவது மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஓடலாம் என்பதை. 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடி 20 நிமிடம் ஆற வேண்டும். உங்கள் டயருக்கு 100 சதவீத டியூட்டி சைக்கிள் உள்ள இரட்டை சிலிண்டர் கம்ப்ரசர்தான் சரி. நிமிடத்துக்குத் தள்ளும் காற்றளவு 30 பிஎஸ்ஐயில் எவ்வளவு என்று கேளுங்கள். பூஜ்ஜிய அழுத்தத்தில் சொல்லும் கணக்கு வெறும் கண்துடைப்பு.

அப்புறம் வயரிங். இந்த வகை கம்ப்ரசர் 50 ஆம்பியர் வரைகூட இழுக்கும், லைட்டர் சாக்கெட் தாங்காது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். காற்றடிக்கும்போது இன்ஜின் ஓடட்டும். பானெட்டுக்குள் பொருத்தினால் எக்ஸாஸ்டை விட்டுத் தள்ளியே வையுங்கள். நான் பக்கத்தில் வைத்து, பிளாஸ்டிக் ஹோஸ் இளகித் தொங்கிவிட்டது.