அப்பாவுக்குக் 'கோப்பி ஓ கோசோங்' கேளுங்கள்

சிங்கப்பூர் உணவங்காடியில் 'சுகர் வேண்டாம்' என்று சொல்லியும் அப்பாவுக்கு இனிக்க இனிக்கக் காபி வந்தது, காலி மேசையில் உட்கார்ந்ததற்கு ஒருவர் முறைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

அங்கே வெறும் 'கோப்பி' என்றாலே இனிப்பான டின் பால் ஊற்றித்தான் தருவார்கள். சர்க்கரை போடாவிட்டாலும் அந்தப் பாலே தித்திக்கும். அப்பாவுக்குச் சரிப்படுவது 'கோப்பி ஓ கோசோங்'. 'ஓ' என்றால் பால் கிடையாது. 'கோசோங்' மலாயில் காலி, அதாவது சர்க்கரையும் கிடையாது. பால் வேண்டுமென்றால் 'கோப்பி சி கோசோங்'; அது சர்க்கரை சேர்க்காத டின் பால். சர்க்கரை கொஞ்சம் குறைய 'சியூ தாய்', ஐஸ் போட 'பெங்'. 'அங்கிள், கோப்பி சி கோசோங் பெங்!' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், மலாயும் சீனமும் ஒரே டம்ளரில் வந்துவிடும்! எனக்கு அந்த ஊரில் ரொம்பப் பிடித்ததே இதுதான். பிராட்டா கடையிலும் 'கோசோங்' செல்லும்; முட்டை, வெங்காயம் எதுவும் வைக்காத வெறும் பரோட்டா வரும்.

அப்புறம் மேசை. அதன் மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்ததா? அது குப்பை இல்லை, யாரோ 'சோப்' செய்திருக்கிறார், அதாவது இடம் பிடித்து வைத்திருக்கிறார். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே வேலை! அடுத்த முறை நீங்களும் ஒன்றைப் போட்டுவிட்டுத் தைரியமாக வரிசையில் நில்லுங்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள், 2021 முதல் அது கட்டாயம்.