வாளி, சலவை சோடா, 12 வோல்ட்: கார் பாகங்களில் துரு எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

சிங்கப்பூர் ஈசூனில் இருந்து: அண்ணா, 18 வருடப் பழைய கார், சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறேன். பின் பிரேக் காலிப்பரை (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) தாங்கும் பிராக்கெட்டும் சில போல்ட்டுகளும் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்கின்றன. மின்சாரம் வைத்துத் துருவை எடுக்கலாமாமே, முதலில் இருந்து சொல்லுங்களேன்.

பதில்: தம்பி, பிராக்கெட்டுக்குத் தாராளமாகச் செய்யலாம். போல்ட்டுகளை இப்போதைக்கு வாளியில் போட்டுவிடாதீர்கள். அதைப் பற்றிக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் 15 லிட்டர் குழாய்த் தண்ணீர், 75 கிராம் சலவை சோடா. கணக்கு லிட்டருக்கு 5 கிராம். சோடாவைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் தனியாகக் கரைத்து ஊற்றினால் அடியில் கட்டியாகத் தங்காது. லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் போட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். மின்னோட்டம் ஏறித் தண்ணீர் சூடாவதுதான் மிச்சம்.

பிராக்கெட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்து கிரீஸை முழுக்க எடுங்கள். கிரீஸ் மின்சாரத்தைத் தடுப்பதால் அது படிந்த இடத்தில் துரு அப்படியே நிற்கும். தொங்கும் செதில்களைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிடுங்கள். பிறகு ஓர் ஓரத்தில் பத்துக் காசு அளவுக்கு அரத்தால் ராவி, மின்னும் இரும்பை வெளியே கொண்டுவாருங்கள். கம்பி இணைய வேண்டிய இடம் அது. துருவின் மேல் கிளிப்பைக் கவ்வவிட்டு "ஒன்றுமே நடக்கவில்லை" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

வாளியின் குறுக்கே ஒரு மரக்கட்டையை வைத்து, பிராக்கெட்டைக் கம்பியில் நடுவில் தொங்கவிடுங்கள். அதைச் சுற்றி, 5 முதல் 10 செ.மீ. தள்ளி, நான்கு கட்டுமானக் கம்பித் துண்டுகளை நிறுத்துங்கள். நான்கையும் ஒரே செப்புக் கம்பியால் இணைக்க வேண்டும், அந்த இணைப்பு தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். பவர் சப்ளையின் நெகட்டிவ் பிராக்கெட்டுக்கு, பாசிட்டிவ் கட்டுமானக் கம்பிகளுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் கம்பி பிழைத்துக்கொள்ளும், பிராக்கெட் கரையும். இரண்டும் ஒன்றையொன்று எங்கும் தொடக் கூடாது. எல்லாவற்றையும் பொருத்தி முடித்த பிறகே சுவிட்ச். சில விநாடிகளில் பிராக்கெட்டில் இருந்து பொடிக் குமிழ்கள் கிளம்பினால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

தெம்பனிஸில் இருந்து: சலவை சோடா இங்கே எங்கே கிடைக்கும்? பேக்கிங் சோடா போட்டால் ஆகாதா?

பதில்: முஸ்தபா போன்ற பெரிய கடைகளில் சலவைத்தூள் அடுக்குப் பக்கம் தேடுங்கள். உறையில் சோடியம் கார்பனேட் என்று மட்டும் இருக்க வேண்டும். வாசனை, வெளுப்பான் கலந்தது வேண்டாம். நீச்சல் குளத்தின் பிஎச் அளவைக் கூட்ட விற்கும் தூளும் பெரும்பாலும் இதேதான்.

பேக்கிங் சோடா வேலை செய்யும், ஆனால் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. அதையே தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவை சோடா ஆகிவிடும். எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். அப்படிக் குறைந்திருந்தால் மாற்றம் முடிந்தது.

சமையல் உப்பை மட்டும் போடாதீர்கள். உப்பில் உள்ள குளோரைடு பாசிட்டிவ் பக்கம் குளோரின் வாயுவாக வெளியேறும்.

ஜூரோங் வெஸ்டில் இருந்து: பாசிட்டிவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு வைத்தால் தேயவே தேயாது என்று காணொளியில் சொல்கிறார்களே.

பதில்: அந்தக் காணொளியை மூடிவிடுங்கள். ஸ்டெயின்லெஸில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் கரைந்து ஆறிணைதிறன் குரோமியமாக மாறும். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. தண்ணீர் மஞ்சளாக மாறினால் அதன் அறிகுறி. நாகத்தகடும் வேண்டாம், செம்பும் வேண்டாம். செம்பு கரைந்து வந்து உங்கள் பாகத்தின் மேல் படியும்.

சாதாரண இரும்பே போதும். அது தேயத்தான் தேயும், அதற்குத்தான் அதை வைக்கிறோம். சில மணி நேரத்தில் அதன் மேல் பழுப்புச் சேறு மூடி மின்னோட்டம் குறையும். மின்சாரத்தை நிறுத்தி, வெளியே எடுத்துச் சுரண்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். கிராஃபைட் கட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. மெல்ல உதிரும், ஆனால் சேறு மிகக் குறைவு.

உட்லண்ட்ஸில் இருந்து: ஒரு பக்கம் சுத்தமாகிவிட்டது, மறுபக்கம் துரு அப்படியே இருக்கிறது.

பதில்: பாசிட்டிவ் இரும்பு ஒரு பக்கம் மட்டும் இருந்திருக்கும். அதற்கு நேரே தெரியும் பரப்பில்தான் வேலை வேகமாக நடக்கும். சுற்றிலும் வையுங்கள், அல்லது பாதி நேரத்தில் பாகத்தைத் திருப்புங்கள். குழாயின் உட்புறம், ஆழமான துளை இவற்றுக்கு வெளியில் எத்தனை கம்பி வைத்தாலும் எட்டாது.

பிடோக்கில் இருந்து: பேட்டரி சார்ஜரை இணைத்தேன், விளக்கு எரிகிறது, குமிழ் வரவில்லை. சார்ஜர் பழுதா?

பதில்: இல்லை, அது ஸ்மார்ட் சார்ஜர். மறுமுனையில் பேட்டரி வோல்டேஜ் இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் விடும். வாளியில் பேட்டரி இல்லை, அதனால் சும்மா இருக்கிறது. இடையில் ஒரு கார் பேட்டரியை இணைத்து ஏமாற்றலாம் என்பார்கள். வீட்டுக்குள் அதைச் செய்ய வேண்டாம். கம்பிகள் தவறித் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்.

ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் 0–30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை கிடைக்கும். வோல்டேஜை 12இலும் மின்னோட்ட வரம்பை 3 ஆம்பியரிலும் வைத்துவிட்டால், கம்பிகள் தொட்டுக்கொண்டாலும் அது 3 ஆம்பியரைத் தாண்டாது. பிராக்கெட் அளவுப் பாகத்துக்கு 3 ஆம்பியர், ஓர் இரவு. போல்ட், நட்டு அளவுக்கு 1 ஆம்பியர், மூன்று நான்கு மணி நேரம். பழைய கணினி பவர் சப்ளையிலும் முடியும்: பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால் இயங்கும், மஞ்சள் 12 வோல்ட். ஆனால் வரம்பு வைக்க முடியாது. இரும்புகள் தொட்டுக்கொண்டால் தானே அணைந்துவிடும்.

சிறு பாகங்களுக்கு 5 வோல்ட் ஃபோன் சார்ஜரே போதும், மெதுவாக நடக்கும். எதுவானாலும் பாதுகாப்பு முத்திரை உள்ளதாகப் பாருங்கள். 12 வோல்ட் உங்களை ஒன்றும் செய்யாது. மறுபக்கம் இருக்கும் 230 வோல்ட் வாளியில் விழுந்தால் கதை வேறு. பவர் சப்ளை வாளியைவிட உயரத்தில், ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தொடங்குவதற்கு முன் மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் துரு காத்திருக்கட்டும், மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

செங்காங்கில் இருந்து: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் உள்ள பாதுகாப்பு அறை) வைத்துக் கதவை மூடிவிட்டால் பிள்ளைகள் கை படாது அல்லவா?

பதில்: அங்கே மட்டும் கூடவே கூடாது, அக்கா. குமிழ்களாக வருவது ஹைட்ரஜன். 3 ஆம்பியரில் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர், ஓர் இரவில் 14 லிட்டர். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். திறந்த சன்னல் இருந்தால் இந்த அளவு ஒன்றுமே இல்லை. மூடிய அறையில் அது மேலே போய்க் கூரையடியில் தேங்கும், விளக்கு சுவிட்சின் பொறியே போதும்.

சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, வாட்டர் ஹீட்டர் பக்கம் வேண்டாம். அன்றைக்குத் துணி காயப்போடாதீர்கள். குமிழ் உடையும்போது பழுப்புச் சாரல் தெறிக்கும். பொது நடைபாதையும் சரிவராது. அது தீப்பிடித்தால் வெளியேறும் வழி, யாராவது காலில் தட்டிவிடவும் செய்வார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரவு ஓடவிடாமல், நீங்கள் விழித்திருக்கும் பகல் வேளையில் இரண்டு தவணையாகச் செய்யுங்கள்.

இன்னொன்று: கிளிப்பை எடுக்கும் முன் எப்போதும் சுவிட்சை அணையுங்கள். ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கினால் வரும் பொறி, நுரைக்குள் இருக்கும் ஹைட்ரஜனைப் பட்டென்று வெடிக்கச் செய்யும்.

வேலை இல்லாத நாளில், குமிழ் அடங்கிய பிறகு வாளியை மூடி வையுங்கள். திறந்த வாளியில் தண்ணீர் நிற்பதைக் கொசுச் சோதனைக்கு வருபவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

தோ பாயோவில் இருந்து: சஸ்பென்ஷன் போல்ட்டுகள், சுருள்வில், எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடலாமா?

பதில்: சுருள்வில் வேண்டவே வேண்டாம். மின்சாரம் ஓடும்போது ஹைட்ரஜன் எல்லாமே குமிழாகப் போய்விடாது. கொஞ்சம் எஃகுக்குள் நுழையும். மென்மையான இரும்புக்கும் வார்ப்பிரும்புக்கும் அதனால் பெரிதாகக் கெடுதல் இல்லை. கடினப்படுத்திய எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். வெளியே பளிச்சென்று இருக்கும், சுமை ஏறிய பிறகு ஒரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் முறியும்.

போல்ட் தலையில் உள்ள வலிமைத் தர எண்ணைப் பாருங்கள். 8.8 வரை பயம் குறைவு. 10.9, 12.9 என்று இருந்தால் போடாதீர்கள். சுருள்வில், ஸ்டீயரிங் மூட்டுகள், டார்ஷன் பார், பேரிங், சீட் பெல்ட் பாகங்கள் எல்லாம் இதே பட்டியல். ஓவனில் சூடாக்கினால் ஹைட்ரஜன் போய்விடும் என்பது உண்மைதான், தொழிற்சாலைகளில் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் வைப்பார்கள். முழுக்கப் போனதா என்று வீட்டில் பார்க்க வழி இல்லை. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ புது போல்ட் சில வெள்ளிக்குக் கிடைக்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டில் சிக்கனம் எதற்கு?

ஈசூன், மறுபடியும்: அண்ணா, பிராக்கெட் வெளியே வந்துவிட்டது. ஆனால் கறுப்பாக இருக்கிறது. கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மேலே ஆரஞ்சு நிறம் பூத்திருக்கிறது!

பதில்: கறுப்பு சரியானது. சிவப்புத் துரு, ஒட்டிப் பிடிக்காத கறுப்பு இரும்பு ஆக்சைடாகவும் பொடி இரும்பாகவும் மாறியிருக்கிறது. இழந்த இரும்பு திரும்ப வராது, குழி விழுந்த இடம் குழியாகவேதான் இருக்கும். ஆரஞ்சு புதுத் துரு. இந்த ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மேல்பூச்சே இல்லாத இரும்பு கால் மணி நேரம்கூடத் தாங்காது. இரவெல்லாம் ஓடிய வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த அரைமணி நேரம்தான். அதனால் வாளியில் இருந்து எடுக்கும் முன் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததும் குழாயடியில் பித்தளைத் தூரிகையும் சோப்பும் போட்டுக் கறுப்பைத் தேய்த்து எடுங்கள். காய்ந்த பிறகு தேய்த்தால் இரண்டு மடங்கு வேலை. நன்றாக அலசுங்கள், சோடா தங்கினால் மேலே அடிக்கும் பெயின்ட் சில மாதங்களில் தோலாக உரியும். கடைசியாகக் கொதிநீர் ஊற்றுங்கள். இரும்பே சூடாகித் தண்ணீரைத் தானே உலர்த்திவிடும். உடனே ஹேர் டிரையர், மடிப்புகளிலும் துளைகளிலும் கூடுதலாக.

பெயின்ட் அடிக்காத பாகம் என்றால் சூடு ஆறும் முன் டபிள்யூடி-40 அடித்து, பிறகு கிரீஸ் அல்லது எண்ணெய். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் எண்ணெயே படக் கூடாது; பாஸ்பாரிக் அமிலத் துரு மாற்றியை மெல்லியதாகப் பூசிவிட்டு, உறையில் சொன்ன நேரம் காயவிட்டு, அன்றைக்கே எபாக்சி பிரைமர். பிரேக் பேட் உட்காரும் தடத்தில் பெயின்ட் தடிமனாக ஏறினால் பேட் இறுகிக்கொள்ளும், அங்கே மறைத்து அடியுங்கள். இப்போது பூத்திருக்கும் ஆரஞ்சுக்கு மறுபடி ஒரு மணி நேரம் வாளி போதும்.

புக்கிட் பாத்தோக்கில் இருந்து: காலிப்பரையே முழுதாகப் போடலாமா?

பதில்: காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம், சோடா நீரே அதை அரித்துவிடும். வார்ப்பிரும்பு என்றால் பிஸ்டன், ரப்பர் சீல், தூசி உறை, காற்று நீக்கும் திருகு எல்லாவற்றையும் கழற்றிய பிறகு வெறும் உடலை மட்டும் போடுங்கள். திரும்பப் பூட்டும்போது புது சீல். பிஸ்டன் ஓடும் உட்சுவரில் குழி இருந்தால் காலிப்பரை மாற்றுங்கள், கசியும். பிரேக் பூட்டிப் பழக்கம் இல்லை என்றால் அந்தக் கட்டத்தைப் பட்டறையில் கொடுங்கள்.

ஹவ்காங்கில் இருந்து: பழைய மோட்டார்சைக்கிளின் பெட்ரோல் டேங்க் உள்ளே துரு.

பதில்: வேண்டாம். பெட்ரோல் ஆவி மிச்சம், உள்ளே ஹைட்ரஜன், குறுகிய வாய். சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 50 கிராம், டேங்க் நிறைய ஊற்றி ஓர் இரவு வையுங்கள். பிறகு சோடா நீரால் அலசி, உலர்த்தி, உடனே உள்ளே எண்ணெய் சுழற்றுங்கள்.

குவீன்ஸ்டவுனில் இருந்து: வேலை முடிந்த தண்ணீரை என்ன செய்வது?

பதில்: கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. சோடா தீர்வதில்லை, குறைந்த தண்ணீரை மட்டும் ஊற்றிப் பல முறை பயன்படுத்தலாம். சேறு அடியில் தங்கியதும் பழைய துணியில் வடிகட்டி, காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தெளிந்த நீர் கொஞ்சம் என்றால் நிறையத் தண்ணீரோடு கழிப்பறையில் விடலாம். வீட்டுக்குக் கீழே ஓடும் வடிகாலில் ஊற்றாதீர்கள், அது மழைநீருக்கானது, நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ நேரே போகும். ஸ்டெயின்லெஸ் வைத்த நீரும், பழைய ஈயப் பெயின்ட் உரிந்த நீரும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை நச்சுக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

பிடோக், மறுபடியும்: மறந்து இரண்டு நாள் ஓடவிட்டால் பாகம் கரைந்துவிடுமா?

பதில்: நெகட்டிவில் இருக்கும்வரை கரையாது, அமிலத்தைவிட இந்த முறை மேல் என்பதே அதனால்தான். துரு தீர்ந்ததும் வேலை நின்று வெறும் குமிழ்தான் வரும். கரைவது பாசிட்டிவ் கம்பிகள். தண்ணீர் மட்டத்தில் அவை இற்று விழுந்து பாகத்தின் மேல் சாய்ந்தால் ஷார்ட். பெரிய பாகம் என்றால் நாளுக்கு இரண்டு முறையாவது எட்டிப் பாருங்கள்.