குருநாதர் வீட்டு ஆசியும் கையெழுத்தில்லாத ஆல்பமும்

கேள்வி (நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தந்திருக்கிறேன்):

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் ஆறு பேர் கொண்ட இசைக்குழு. எழுபது, எண்பதுகளில் ஆர்டிஎம் தமிழ் வானொலியிலும் கேசட்டிலும் வந்த பாடல்களுக்கு இசையமைத்தவர் எங்கள் குருநாதர். 2011இல் காலமானார். அவர் நினைவாகப் பத்துப் பாடல்களில் ஓர் ஆல்பம் செய்கிறோம். எட்டு அவருடையவை. இரண்டு, அவருக்கு மிகவும் பிடித்த எம்.எஸ்.வி., கண்ணதாசன் கூட்டணியின் திரைப்பாடல்கள். குருநாதரின் மனைவி எங்கள் தலையில் கைவைத்து, "தாராளமா செய்யுங்க தம்பி" என்றார். ஏழு பாடல்களுக்கு அரேஞ்ச்மென்ட் (மெட்டைச் சுற்றி வாத்திய இசை அமைப்பது) செய்தவர் எங்கள் கீபோர்டு நண்பர். முதல் நாளிலிருந்து எங்களில் ஒருவர், உடன்பிறவாத தம்பி. கைச்செலவுக்குத் தவணையாக 3,500 ரிங்கிட்டும் கொடுத்தோம். போஸ்டரில் தன் பெயர் சிறியதாகப் போய்விட்டது என்று சண்டை போட்டு, புராஜெக்ட் ஃபைல்களை (அந்த இசையைக் கட்டிய கணினிக் கோப்புகளை) எடுத்துக்கொண்டு வேறு குழுவுக்குப் போய்விட்டார். "என் அரேஞ்ச்மென்ட்டைத் தொட்டால் வழக்கு" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) மிரட்டுகிறார். டான்ஸ்ரீ சோமா அரங்கில் வெளியீடு வைத்திருக்கிறோம். அவரால் தடுக்க முடியுமா? முந்திக்கொண்டு நாங்களே அவர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்:

போஸ்டரில் எழுத்து எவ்வளவு பெரிது, அவருக்கு முதல் கீபோர்டை வாங்கிக் கொடுத்தது யார், எந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் உங்கள் மனதை எவ்வளவு அறுத்தாலும் வழக்குக்கு உதவாது. அதை ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் நான்கு பக்கத்தில் நான் தேடியது ஒன்றைத்தான்: யாராவது எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? இல்லை. குருநாதர் வீட்டிலிருந்தும் இல்லை, நண்பரிடமிருந்தும் இல்லை.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதில் விட்டுக்கொடுக்காது. உரிமையை மாற்றிக் கொடுப்பதானாலும் சரி, பயன்படுத்த அனுமதி தருவதானாலும் சரி, எழுத்தில் இல்லையென்றால் செல்லாது. குருநாதர் வீட்டு அம்மா தலையில் கைவைத்துச் சொன்னதை நான் மதிக்கிறேன். நாளைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதை வைத்து உங்களைக் காப்பாற்ற முடியாது.

நீங்கள் நண்பரைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு முதல் பயம் மெட்டைப் பற்றித்தான். ஒரு பாட்டை அரேஞ்ச் செய்வது சட்டத்தின் கண்ணில் அதைத் தழுவி இன்னொன்று செய்வது. மூல வடிவத்தில் வாசித்தாலும் தழுவிய வடிவத்தில் வாசித்தாலும், பதிவு செய்து விற்கும் உரிமை மூலப் பாட்டின் உரிமையாளருக்கே. இசையமைப்பாளர் இறந்து 50 ஆண்டு வரை அந்த உரிமை ஓடும். உங்கள் குருநாதர் விஷயத்தில் 2061 வரை. "அமெரிக்காவில் கட்டணம் கட்டிவிட்டால் யாரும் கவர் பாடலாமே", "இந்தியாவில் அஞ்சு வருஷம் கழித்துப் பாடலாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவை அந்தந்த நாட்டின் சட்டம். கோலாலம்பூரில் பதிவு செய்யும் ஆல்பத்துக்கு நிழல் தராது.

சரி, அந்த உரிமையாளர் யார்? "அம்மாதானே" என்பீர்கள். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். குருநாதர் வானொலி நிலையத்தில் சம்பளத்துக்கு இருந்து, வேலையின் பகுதியாக இசையமைத்தாரா? அப்படியானால் அந்தப் பாட்டின் உரிமை அவர் கைக்கு வராமலே போயிருக்கலாம். கேசட் கம்பெனி காசு கொடுத்துச் செய்யச் சொன்னதா? அப்போதும் அதே கதை. எண்பதுகளில் ஒரே தாளில் எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளை வீட்டில் யாருக்கும் காட்டாமலே காலமான கலைஞர்கள் நம் ஊரில் உண்டு. அதெல்லாம் இல்லை, உரிமை அவரிடமே இருந்தது என்றால், அது அவர் விட்டுச்சென்ற சொத்து. உயில் இல்லையென்றால், அந்தச் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரத்தை நீதிமன்றத்தில் எடுக்க வேண்டும். அதை எடுக்காத வரை எந்த வாரிசின் கையெழுத்துக்கும் பலமில்லை. எடுத்தாலும், அவருடைய பெற்றோர் அப்போது உயிரோடு இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. அம்மா ஆசீர்வதித்தபோது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் இல்லை. அந்த எட்டுப் பாடல்களை எழுதியவர்கள் யார்? நான்கு பக்கத்திலும் பாடலாசிரியர் பெயரைத் தேடினேன், ஒரு இடத்தில்கூட இல்லை. வரிகளுக்குத் தனி உரிமை உண்டு, அவர்களுக்கும் வாரிசுகள் உண்டு. சட்டத்தை விடுங்கள், நம் உள்ளூர்ப் பாடலாசிரியர்களை நாமே இப்படி மறந்தால் அவர்களை வேறு யார் நினைப்பார்கள்? கேசட் அட்டைகளைத் தேடி எடுத்து அந்தப் பெயர்களை இன்றைக்கே எழுதி வையுங்கள். குருநாதர் எம்ஏசிபியில் (இசைப் படைப்பாளிகளின் பதிப்புரிமையை நிர்வகிக்கும் அமைப்பு) உறுப்பினராக இருந்திருந்தால் அங்கேயும் விசாரியுங்கள், பாடல்கள் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்று தெரியவரும். ஆனால் அரங்கில் பாடுவதற்கான உரிமத்தை வைத்து ஆல்பம் பதிவு செய்ய முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

இப்போது நண்பர். அவர் செய்த அரேஞ்ச்மென்ட்டுக்கு அவர் பெயரில் தனிப் பதிப்புரிமை உண்டு. மெட்டு குருநாதருடையது, மேலே கட்டிய வேலை இவருடையது. உங்கள் கையில் ஒரு நல்ல சீட்டு இருந்தது: காசு கொடுத்து ஒருவரைச் செய்யச் சொன்னால், வேறு மாதிரிப் பேசி வைக்காத வரை, உரிமை செய்யச் சொன்னவருக்கு மாறிவிட்டதாக 26ஆம் பிரிவு கொள்கிறது. 3,500 ரிங்கிட் கொடுத்தேன், ஏழு பாட்டு வாங்கினேன் என்று நின்றிருக்கலாம். அதை நீங்களே கெடுத்துவிட்டீர்கள். "முதல் நாளிலிருந்து எங்களில் ஒருவர்", "கைச்செலவுக்கு" என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். புலனத்திலும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள். அவருடைய வக்கீல் அந்தச் செய்திகளை வரிசையாக அச்சடித்து நீதிபதி முன் வைப்பார்: இவர் கூலிக்கு வந்தவர் இல்லை, கூட்டாளி, வாங்கியது பஸ் காசும் சாப்பாட்டுக் காசும். பாசத்தோடு எழுதிய வரிகளே உங்களுக்கு எதிரான சான்று. நீங்கள் நிச்சயம் தோற்பீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சீட்டை நம்பி வழக்கில் இறங்காதீர்கள்.

அடுத்து நீங்கள் என்ன யோசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோரும் யோசிப்பது அதுதான். "ஃபைல்தானே அவரிடம் இருக்கிறது, வேறு கீபோர்டுக்காரரை வைத்து வாசித்துவிடலாம்." இது பெரிய குழி. ஃபைலை விடுங்கள், அவர் கட்டிய இசைக்கே உரிமை இருக்கிறது. பல்லவிக்கு முன்னால் அவர் போட்ட முன்னிசை, சரணத்துக்கு முன் புல்லாங்குழலுக்கு எழுதிய இடையிசை, குருநாதர் வெறும் தபேலாவோடு விட்ட இடத்தில் இவர் வயலினுக்குக் கட்டிய எதிர்மெட்டு, இவையெல்லாம் அவர் மூளையிலிருந்து வந்தவை. வேறொருவர் விரலில் வந்தாலும் நகல் நகல்தான். ஆறு பேரும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து அந்த இடையிசை காதில் ஊறிக் கிடக்கிறது. புது ஆளிடம் போய் "அந்த இடத்தில் இப்படி ஒரு பிட்டு வரும்" என்று முணுமுணுத்துக் காட்டுவீர்கள், அவரும் அப்படியே வாசிப்பார். இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் சங்கீதம் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். உண்மையிலேயே புதிதாகச் செய்வதென்றால், பழைய ஒத்திகைப் பதிவு எதையும் புது அரேஞ்சர் காதில் போடாமல், மூலக் கேசட்டிலிருந்து மெட்டை மட்டும் எடுத்து, வெற்றுத் தாளில் தொடங்க வேண்டும். அந்தக் கேசட்டிலிருந்து நாதஸ்வரத் துணுக்கை வெட்டி எடுத்து ஒட்டவும் கூடாது. எட்டு விநாடிதானே என்ற சலுகை நம் சட்டத்தில் இல்லை. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து தனியாக 50 ஆண்டு உரிமை ஓடுகிறது.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது வேறு. சண்டை போட்டுக்கொண்டு போன அரேஞ்சர் பெரும்பாலும் வழக்குப் போடமாட்டார். அவரிடமும் காசு கிடையாது, தவிர மெட்டு அவருடையதில்லை என்பதால் அந்த ஏழு பாட்டை அவராலும் வெளியிட முடியாது. அவர் செய்வது வேறு. மெட்டுக்கு உரியவரைத் தேடிப்போய், "அண்ணே, உங்க அப்பா பாட்டை வைத்துக் காசு பார்க்கிறாங்க, தெரியுமா?" என்பார். கிள்ளானிலிருந்து என்னிடம் வந்த ஒரு குழுவுக்கு இதுதான் நடந்தது. அரேஞ்சர் கேட்டது 2,000 ரிங்கிட். ரோஷத்தில் மறுத்துவிட்டார்கள். அவர் ஒரு பென் டிரைவோடு இசையமைப்பாளரின் மூத்த மகன் வீட்டுக்குப் போனார். அப்பாவின் பாட்டுக்கு உரிமை என்று ஒன்று இருப்பதே அதுவரை அந்த மகனுக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் நோட்டீஸ் வந்தது. யூடியூபிலிருந்தும் ஸ்பாட்டிஃபையிலிருந்தும் பாடல்களை இறக்கினார்கள், அச்சடித்த சிடிக்களை ஒப்படைத்தார்கள், கடைசியில் மகனுக்குக் கொடுத்தது அந்த 2,000ஐப் போலப் பல மடங்கு. குழுவும் உடைந்துபோனது.

அந்த மாதிரி நோட்டீஸில் என்ன கணக்கு இருக்கும் தெரியுமா? சட்டம் நிர்ணயித்த இழப்பீடாக ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை, மொத்தத்தில் 500,000 வரை நீதிமன்றம் தரலாம். பத்துப் பாட்டு என்றால் 250,000 என்று கடிதத்தில் பெருக்கிப் போட்டிருப்பார்கள். கூடவே 41ஆம் பிரிவு: குற்றமென்று நிரூபணமானால் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. நினைவு ஆல்பம் செய்தவர்களை யாரும் சிறைக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. இழப்பீட்டின் அதிகபட்சத்தையும் நீதிபதி அள்ளிக் கொடுத்துவிடமாட்டார். ஆனால் அந்தத் தாள் ஸ்டூடியோ மேஜையில் வந்து விழுந்த பிறகு பேரம் பேசுவதும், வெளியிடும் முன் போய் அனுமதி கேட்பதும் ஒன்றில்லை. கேட்கப் போகும்போது நீங்கள் குருநாதரின் சீடர்கள். நோட்டீஸ் வந்த பிறகு பிரதிவாதிகள்.

உங்கள் விஷயத்தில் ஆபத்து இன்னும் கிட்டே இருக்கிறது. அந்த நண்பரும் அதே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த சீடர்தானே. அம்மாவின் வீட்டுக் கதவு அவருக்கும் திறந்திருக்கிறது. அவர் அங்கே போய் அழுதால், உங்களை ஆசீர்வதித்த அதே அம்மா, "முதல்ல நீங்க உங்க சண்டையைத் தீர்த்துட்டு வாங்க" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

அதனால் வழக்குப் போடாதீர்கள். சமரசம் செய்துகொள்ளுங்கள், அதுவும் இந்த வாரமே. குழுவில் அவரோடு கடைசியாகச் சண்டை போடாதவர் யாரோ அவரை அனுப்புங்கள். நீங்கள் போகவேண்டாம், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். இன்னும் ஒரு 3,500 கேட்டால் கொடுங்கள், 5,000 கேட்டாலும் யோசித்துக் கொடுங்கள். வழக்கு தொடங்கினால் வக்கீல் செலவில் முதல் கட்டத்திலேயே அது கரைந்துவிடும். ஆனால் வெறும் கைகுலுக்கலோடு காசு கைமாறக் கூடாது. ஏழு பாடல்களின் பெயரும் ஒவ்வொன்றாக எழுதி, அந்த அரேஞ்ச்மென்ட்களின் உரிமையை இந்தத் தொகைக்கு மாற்றிக் கொடுக்கிறேன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றிக்கொள்பவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். உங்கள் குழுவுக்குப் பதிவு இல்லை, ஆகவே "இசைக்குழு" என்று பொதுவாக எழுதாமல் ஆட்களின் பெயரைப் போடுங்கள். பாதித் தொகை கையெழுத்தின்போது, மீதி புராஜெக்ட் ஃபைல்கள் வந்து திறந்து பார்த்த பிறகு.

அவர் பெயரைப் போடுங்கள், மற்றவர்கள் பெயர் என்ன அளவோ அதே அளவில். உரிமையை விற்ற பிறகும் படைத்தவன் என்ற பெயர் அவருடையதே, 25ஆம் பிரிவு அதைக் காக்கிறது. போஸ்டரில் பெயரைச் சிறியதாகப் போட்டதற்கு ஒரு வருத்தமும் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்து இந்த மாதிரிச் சண்டைகளில் பாதி அந்த ஒரு வார்த்தையிலேயே இறங்கிவிடும்.

அவர் கையெழுத்துப் போட்ட பிறகு, எல்லோருமாகச் சேர்ந்து குருநாதர் வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். நிர்வாகப் பத்திரம் இருக்கிறதா, பழைய ஒப்பந்தம் ஏதாவது அலமாரியில் கிடக்கிறதா என்று பாருங்கள். அனுமதிக் கடிதத்தில் பாடுவதும் பதிவு செய்வதும் மட்டுமில்லாமல், புதிதாக அரேஞ்ச் செய்வது, சிடியாக விற்பது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் தனித்தனியாகச் சொல்லப்பட வேண்டும். ஒரு பாட்டில் ராப் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கையெழுத்துக்கு முன்பே அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். படைத்தவரின் மானத்துக்குப் பங்கம் வரும்படி பாட்டை மாற்றினால், அவர் சார்பில் எதிர்க்கும் உரிமை இறந்த பிறகும் குடும்பத்துக்கு உண்டு.

அந்த இரண்டு திரைப்பாடல்களை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ணதாசன் மறைந்தது 1981, எம்.எஸ்.வி. மறைந்தது 2015. நம் நாட்டுக் கணக்கில் வரிகளுக்கு 2031 வரை, மெட்டுக்கு 2065 வரை உரிமை இருக்கிறது. அந்தக் காலத் திரைப்பாடல்களில் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளருக்குப் போய், அங்கிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போயிருக்கும். இரண்டு பாட்டுக்காகச் சென்னையில் தயாரிப்பாளருக்கும் கொல்கத்தாவில் இசைத்தட்டுக் கம்பெனிக்கும் கடிதம் எழுதிக் காத்திருந்தால் உங்கள் எட்டுப் பாட்டும் சேர்ந்து காத்திருக்கும். குருநாதருக்குப் பிடித்தவை என்பதால் விட மனம் வராது, புரிகிறது. அரங்கு நிகழ்ச்சி உரிமத்தை முறையாக எடுத்துக்கொண்டு, வெளியீட்டு நாளில் மேடையில் பாடுங்கள்.

அரங்குக்கு முன்பணம் கட்டியிருந்தால் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். புது போஸ்டர் எதையும் முகநூலில் போடாதீர்கள். நண்பரைப் பற்றிக் குழுவின் புலனத்தில் இனி ஒரு வரியும் எழுதாதீர்கள், பழைய செய்திகளை அழிக்கவும் வேண்டாம்.