அன்டோனோவ் ஏஎன்-124 சரக்கு விமானம் உண்மையில் எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு தூரம் பறக்கும்?

இதற்கு இரண்டு எண்கள் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. 1985-ல் 171 டன் சுமையோடு 10,750 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. 1987-ல் நடுவில் எரிபொருள் நிரப்பாமல் 20,151 கி.மீ. பறந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே பயணத்தில் நடந்தவை அல்ல, நடக்கவும் முடியாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி?

கணக்கைப் பாருங்கள். ஏஎன்-124-100 ரகம் தரையை விட்டு எழும்பும்போது மொத்த எடை 392 டன்னைத் தாண்டக்கூடாது. வெறும் விமானமே சுமார் 180 டன். 120 டன் சரக்கை ஏற்றிவிட்டால் எரிபொருளுக்கு மிஞ்சுவது 90 டன் சொச்சம். அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 4,500 கி.மீ. போகலாம். சரக்கை 80 டன்னாகக் குறைத்தால் 8,000 கி.மீ. பக்கம் வரும்.

கனரகச் சரக்கு அனுப்பும் வேலையில் சில வருடம் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: எடையால் நின்றுபோன லோடுகளைவிட, அளவாலும் தரையாலும் நின்றவைதான் அதிகம். உள்ளே 36 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், 4.4 மீட்டர் உயரம். மைதானம் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் மொத்த எடையும் நான்கே நான்கு கால்களில் இறங்கினால் விமானத்தின் தரை தாங்காது. அடியில் இரும்பு உத்தரமும் மரக்கட்டையும் கொடுத்து எடையைப் பரப்ப வேண்டும். அந்த உத்தரங்களும் சரக்கின் எடையில்தான் சேரும்! முதல்முறை அனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

சரக்கு ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூக்கு அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டு தாங்குகால்கள் தரையில் ஊன்றும், முன்சக்கரங்கள் மடங்கும், யானை முட்டி போடுவதுபோல முன்பக்கம் மெதுவாகத் தாழும். அப்புறம் சரிவுப்பாதை விரியும். மேற்கூரையில் ஓடும் கிரேன் அதனுடையதே, அது தூக்கக்கூடிய லோடுகளுக்கு வெளியிலிருந்து கிரேன் வரவேண்டியதில்லை. இதற்குத்தான் காசு கொடுக்கிறோம் என்பேன்.

அமெரிக்காவின் சி-17 ராணுவச் சரக்கு விமானம் தூக்குவது 77 டன்தான். ஆனால் ஒரு கி.மீ. சொச்சம் நீளமுள்ள ஓடுபாதையிலேயே இறங்கிவிடும். முழு எடையோடு கிளம்பும் ஏஎன்-124-க்கு ஏறக்குறைய மூன்று கி.மீ. வேண்டும். ஆக, எங்கே இறங்கப் போகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதன் அண்ணன் ஏஎன்-225 இருந்தது, ஆறு இன்ஜின். 2009-ல் ஆர்மீனியாவின் மின்நிலையத்துக்கு ஒரு ஜெனரேட்டரை ஒரே துண்டாகக் கொண்டுபோனது, அடிச்சட்டத்தோடு சேர்த்து ஏறக்குறைய 190 டன். இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் 2022-ல் ரஷ்யா-உக்ரைன் போரில், உக்ரைனின் ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் அழிந்துவிட்டது. அதே ஜெனரேட்டரை இன்று அனுப்பச் சொன்னால் கப்பலுக்கும் ட்ரெய்லருக்கும்தான் போன் போட வேண்டும்.