"நான் வந்தா பாட்டிக்குக் கொரோனா வந்துடுமா?"

கேள்வி (ஜனவரி 2022, கொரோனா ஊரடங்குக் காலம்): டாக்டர், ஜனவரி 16, காணும் பொங்கலன்று என் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. அன்று ஞாயிறு முழு ஊரடங்கு. ஊருக்குப் போக முடியாது. பாட்டிக்குச் சர்க்கரை நோய் வேறு. "நான் வந்தா பாட்டிக்குக் கொரோனா வந்துடுமா?" என்று கேட்டபடி இருக்கிறாள். பத்து நாளாகப் படுக்கையில் சிறுநீர் போகிறாள். மூன்று வயதிலேயே நின்ற பழக்கம் இது. ஒன்றரை வயது மகனின் காதுகுத்தும் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: முதலில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். "உன்னால பாட்டிக்கு ஆபத்து" என்று பெரியவர்கள் யாரோ பேசியது அவள் காதில் விழுந்திருக்கலாம். இந்த வயதில் எதையும் தன் தப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். "கிருமி யாருக்கும் வரும், அது யார் தப்பும் இல்லை. பாட்டியைப் பெரியவங்க நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லுங்கள். அதைச் செய்தும் காட்டுங்கள்: பாட்டி 60 வயதைக் கடந்தவராக இருந்து, கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் தவணை போட்டு 39 வாரம் ஆகியிருந்தால், முன்னெச்சரிக்கைத் தவணை என்கிற மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். 2022 ஜனவரி 10-ஆம் தேதி முதல் போடுகிறார்கள்.

நவம்பரில்தான் பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டே மாதம் பள்ளியைப் பார்த்தாள், மறுபடி மூடிவிட்டார்கள். இப்போது பிறந்தநாளும் இல்லையென்றால் அழத்தான் செய்வாள். அழட்டும், தடுக்காதீர்கள். "அடுத்த வாரம் கண்டிப்பா போகலாம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில், சளி இருமல் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருடன் கொண்டாடலாம். திறந்தவெளியில் கிருமி காற்றில் கலைந்துவிடும். எல்லாரும் சாப்பிடும் கேக்கில் மெழுகுவத்தி ஊத வேண்டாம். அவளுக்கென்று சின்னதாக ஒன்று தனியே வையுங்கள். என்ன பலகாரம், என்ன சட்டை என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஞாயிறன்று வீடியோ அழைப்பில் "பாட்டிக்கு வணக்கம் சொல்லு" என்றால் ஒரு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவாள். பாட்டி அங்கே கோலம் போட, இவள் இங்கே பார்த்துப் போடட்டும்.

காதுகுத்து தள்ளிப்போவதால் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. தாய்மாமன் மடி காத்திருக்கும். தடுப்பூசி காத்திருக்கக் கூடாது! மகனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுப்பது) ஊக்கத் தவணையும், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் போட வேண்டும். மகளுக்கும் ஐந்து, ஆறு வயதில் போடும் முத்தடுப்பு ஊக்கத் தவணை உண்டு. ஊரடங்குக் காலத்தில் இவற்றைத் தவறவிட்ட வீடுகள் ஏராளம். அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

படுக்கை நனைவதற்கு மனக்கலக்கம் காரணமாக இருக்கலாம். ஆனால் நின்றுபோன பழக்கம் திரும்பினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமல் அப்படி முடிவுகட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் இரண்டும் இதைச் செய்யும். திட்டாதீர்கள், தம்பி முன்னால் கேலி பேச விடாதீர்கள், பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அதிக தாகம், எடை குறைவு, அடிக்கடி சிறுநீர் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அன்றே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். ஞாயிறாக இருந்தாலும் கிளம்புங்கள். மருத்துவமனைக்குப் போக ஊரடங்கில் தடை இல்லை.