விருந்தாக வரும் ஹாம்ஸ்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக் காலம் நெருங்குவதால், பிறர் வளர்க்கும் ஹாம்ஸ்டரை (எலி போன்ற சிறு கொறிவிலங்கு) சில நாள் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

தோழி 10 நாள் வெளியூர் போகிறாள். அவளுடைய சிரியன் வகை ஹாம்ஸ்டரை என்னிடம் விட்டுப் போகிறாள். நான் எந்தப் பிராணியும் வளர்த்ததில்லை. எதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்?

முதலில், ஹாம்ஸ்டர் உங்கள் வீட்டுக்கு வரத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். தோழியின் வீடு பக்கத்தில் இருந்தால், அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் தினமும் மாலையில் போய்ப் பார்த்து வந்தால் போதும். அதற்கு நல்லது அதுதான்.

உங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டுமென்றால் கூண்டை முழுதாக, உள்ளே இருக்கும் பழைய படுகையோடு (கூண்டின் அடியில் பரப்பியிருக்கும் மென்மையான விரிப்பு) கொண்டுவரச் சொல்லுங்கள். "10 நாள்தானே" என்று சின்னக் கூண்டில் மாற்றி அனுப்புவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல்; தன் இடத்தை வாசனையால்தான் அறிகிறது. வீடும் புதிது, கூண்டும் புதிது என்றால் மிரண்டுபோகும். அந்த மிரட்சியே வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிடக்கூடும்.

பயணத்துக்கு மட்டும் மூடியுள்ள, காற்று போகும் கெட்டியான சிறு பெட்டி வேண்டும். அட்டைப்பெட்டி ஆகாது, கடித்து வெளியே வந்துவிடும். பெட்டிக்குள் பழைய படுகையில் இரண்டு கைப்பிடி போடுங்கள். தண்ணீர் பாட்டில் குலுங்கி ஒழுகி எல்லாவற்றையும் நனைத்துவிடும் என்பதால், அதற்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் வையுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை: இப்போது சாப்பிடும் அதே தீவனம், 10 நாளுக்குப் போக மேலும் சில நாளுக்குச் சேர்த்து, அதே வகைப் படுகை ஒரு பை, வயது, கிராம் கணக்கில் எடை, ஏற்கெனவே உள்ள நோய், எந்த மூலையில் சிறுநீர் கழிக்கும் என்பது, வழக்கமாக எத்தனை மணிக்கு எழும் என்பது, சிறு கொறிவிலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஹாம்ஸ்டருக்குச் சிகிச்சை செய்வதில்லை என்பதால் கடைசியாகச் சொன்னதை இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

தயங்காமல் பேசிவிட வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஹாம்ஸ்டரின் ஆயுள் பெரும்பாலும் 2 முதல் 3 ஆண்டுதான். ஒன்றரை வயதைத் தாண்டியது என்றால், நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் உங்கள் பொறுப்பில் இருக்கும்போதே இறந்துபோகலாம். சிகிச்சைக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம், தோழியைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் முடிவெடுப்பது யார், இறந்தால் உடலை என்ன செய்வது ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

கூண்டை வீட்டில் எங்கே வைப்பது?

வெயில் நேரடியாக விழாத, 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருக்கும் அறையில். கண்ணாடித் தொட்டியாக இருந்தால் வெயில் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அரை மணி நேர வெயிலே உள்ளே ஆபத்தான சூட்டை உண்டாக்கிவிடும். தொலைக்காட்சி, கணினிப் பக்கத்தில் வைக்காதீர்கள். நமக்குக் கேட்காத மீயொலி ஹாம்ஸ்டருக்குக் கேட்கும், சில மின்கருவிகள் அத்தகைய ஒலியை எழுப்புகின்றன. பூனையோ நாயோ இருந்தால், கதவு அடைக்கக்கூடிய தனி அறை கட்டாயம். பூனை கூண்டைத் தொடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாலும் ஹாம்ஸ்டருக்கு அது ஓயாத பயம்தான்.

அறை 30 டிகிரிக்கு மேல் போனால் வெப்பத்தாக்கு வரலாம். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். படுத்துக்கொள்ள ஒரு பீங்கான் ஓடு உள்ளே வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படக் கூடாது.

எவ்வளவு தீவனம், எவ்வளவு தண்ணீர்? கிண்ணம் காலையில் காலியாகத்தான் இருக்கிறது. பசி தீரவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

கிண்ணம் காலியானதால் அது சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பட்டினியாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. கன்னப்பைகளில் அடைத்துக்கொண்டுபோய், கூண்டுக்குள் அது ஒளிந்து தூங்கும் சிறு வீட்டுக்கடியில் சேமித்திருக்கும். கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பினால், பிடித்த விதைகளை மட்டும் தின்றுவிட்டு மற்றதைக் குவித்து வைக்கும்.

சிரியன் வகைக்கு நாளுக்கு 10 முதல் 15 கிராம் உலர்தீவனம். குள்ள வகைகளுக்கு ஏறக்குறைய அதில் பாதி. தினமும் மாலையில், அது எழும் நேரத்தில் வையுங்கள். பச்சைக் காய்கறி கொடுத்தால் வெள்ளரி, கேரட், ப்ரோக்கோலி போல அதற்குப் பழக்கமான ஒன்றை மட்டும், கட்டைவிரல் நக அளவில். குள்ள வகைகளில், முக்கியமாகக் கேம்ப்பெல் வகையில், நீரிழிவு வர வாய்ப்பு அதிகம் என்பதால் பழமும் இனிப்பான எதுவும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை ஆரஞ்சு வகைகள், பச்சை உருளைக்கிழங்கு, ஆப்பிள் விதை, சாக்லேட் இவை எந்த ஹாம்ஸ்டருக்கும் கூடாது. பிராணி ஆசையாக வாங்கித் தின்கிறதே என்று விருந்தாளிக் காலத்தில் புதிய உணவைப் பழக்காதீர்கள். திடீர் மாற்றம் நேராகக் குடலைத்தான் தாக்கும்.

அது சேர்த்து வைத்திருக்கும் தீவனத்தைக் கலைக்க வேண்டாம். அழுகக்கூடிய காய்த்துண்டுகளை மட்டும் மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.

தண்ணீர், 100 கிராம் உடல் எடைக்கு நாளுக்குச் சுமார் 10 மில்லிலிட்டர். பாட்டிலில் மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோடு இரண்டாம் நாளும் நகரவில்லையென்றால் முதலில் பாட்டிலைச் சந்தேகியுங்கள். குழாய் நுனியில் உள்ள உருண்டை சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். விரலால் நுனியைத் தட்டினால் ஒரு துளி வர வேண்டும். நேர்மாறாக ஒழுகிக்கொண்டே இருந்தால் பாட்டிலுக்குள் காற்று அதிகமாகிவிட்டது. விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடி, கவிழ்த்து, சொட்டு நிற்கும் வரை பிடித்திருந்து, பிறகு மாட்டுங்கள்.

உண்மையில் சாப்பிடுகிறதா என்று அறிய நம்பகமான வழி எடைதான். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் ஒரு கோப்பையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, அதற்குள் ஹாம்ஸ்டரை நடந்துபோக விடுங்கள். கன்னம் உப்பியிருக்கும்போது எடை பார்த்தால் கணக்கு தவறிவிடும். 140 கிராம் இருந்தது 126 கிராமுக்கு இறங்கினால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம்.

பகல் முழுவதும் தூங்குகிறது. எழுப்பி விளையாட்டுக் காட்டலாமா? எப்படித் தூக்குவது?

எழுப்பாதீர்கள். அந்தி சாய்ந்த பிறகு விழித்து இரவெல்லாம் ஓடித் திரிவது அதன் இயல்பு. தூக்கத்தில் தொட்டால் கடிக்கும். அது கோபமல்ல, பயம்.

முதல் இரண்டு நாள் தூக்கவே வேண்டாம். குரல் பழகட்டும். பிறகு, வாசனையில்லாத சோப்பால் கை கழுவி (விரலில் உணவு மணம் இருந்தால் விரலையே உணவென்று நினைக்கும்), மாலையில் அது தானாக வெளியே வந்தபின் கையைப் பக்கவாட்டில் தரையோடு தரையாக வையுங்கள். மேலிருந்து கை இறங்கினால் இரைதேடும் பறவை பாய்வதாகவே அதற்குப் படும். நீங்கள் தரையில் உட்கார்ந்து, இரு கைகளையும் குவித்து, மடிக்கு மேலேயே வைத்திருங்கள். இடுப்பு உயரத்திலிருந்து குதித்தாலும் கால் எலும்பு முறியலாம். கடித்துவிட்டால் கையை உதறாதீர்கள். தரையில் இறக்கி விட்டு, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பத்து நாளும் ஒரு முறைகூடத் தூக்காமலே பார்த்துக்கொண்டாலும் குறையொன்றுமில்லை. ஓடி விளையாடும் சக்கரம் அதற்குப் போதும். பிளாஸ்டிக் உருண்டைக்குள் போட்டு வீடு முழுவதும் உருள விடுவதை மட்டும், அதன் சொந்தக்காரரே செய்வார் என்றாலும், நீங்கள் செய்யாதீர்கள். காற்றுத் துளைகளில் நகமும் விரலும் சிக்கும்; வெளியே வர நினைத்தாலும் அதனால் முடியாது.

கூண்டில் நாற்றம் வருகிறது. முழுவதும் கழுவிவிடலாமா?

வேண்டாம். பளிச்சென்று கழுவிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று நினைத்துச் செய்யும் இந்த வேலைதான் விருந்தாளி ஹாம்ஸ்டர்களை அதிகம் கலங்கவைக்கிறது. தன் மணம் மொத்தமும் போய்விட்டால், அது சிறுநீரால் மீண்டும் குறியிட ஆரம்பிக்கும், நாற்றம் கூடும். சிறுநீர் மூலையை மட்டும் தினமும் கரண்டியால் அள்ளி எடுத்து, அந்த அளவுக்குப் புதுப் படுகை போடுங்கள். அது புரண்டு உடலைச் சுத்தம் செய்துகொள்ளும் குளியல் மணல் இருந்தால், அதைச் சலித்தால் போதும். சக்கரத்தில் கறை இருந்தால் வெறும் வெந்நீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உங்களிடம் இருந்தால் மட்டும், படுகையில் மூன்றில் ஒரு பங்கை மாற்றலாம், அது தூங்கும் கூட்டைத் தொடாமல். வாசனைத் தெளிப்பான் கூடாது. ஹாம்ஸ்டரைத் தண்ணீரில் குளிப்பாட்டவும் கூடாது.

படுகை தீர்ந்துபோனால் வாசனையற்ற, அச்சு மையில்லாத வெள்ளைக் காகிதத் திசுவைக் கிழித்துப் போடுங்கள். கடைகளில் "ஹாம்ஸ்டர் மெத்தை" என்று விற்கும் பஞ்சு வேண்டவே வேண்டாம். நூல் காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விழுங்கினால் குடலை அடைக்கும்.

துணைக்கு எங்கள் வீட்டு ஹாம்ஸ்டரோடு சேர்த்து விடலாமா?

கூடாது. வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர் தனிமை விலங்கு. இரண்டை ஒன்றாக விட்டால் சாகும்வரை சண்டையிடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: கர்ப்பகாலம் 16 நாள்தான்.

இடுப்பின் இருபுறமும் கறுப்புப் புள்ளிகள். பின்பக்கம் இரண்டு வீக்கம். கட்டியா?

பெரும்பாலும் இல்லை. இடுப்பில் இருப்பவை சிரியன் வகையின் மணச்சுரப்பிகள். பின்புற வீக்கம், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால், ஆணின் விரைகள்; வெப்பத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தாலோ, புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ காட்ட வேண்டும். அதேபோல ஒரு கன்னம் மட்டும் ஒரு நாளாக உப்பியே இருந்தால் உணவு உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்கள் தோண்டி எடுக்க முயலாதீர்கள்.

காலையில் தொட்டால் சில்லென்று, அசைவில்லாமல் கிடந்தது. இறந்துவிட்டது என்று நினைத்தோம், மீசை மட்டும் லேசாகத் துடித்தது. இது என்ன?

குளிரால் வரும் உறைநிலைத் தூக்கம். அறை மிகவும் குளிர்ந்துபோகும்போது உடல் வெப்பத்தையும் மூச்சையும் மிகக் குறைத்துக்கொண்டு இப்படிக் கிடக்கும். மூச்சு நிமிடத்துக்கு ஓரிரு முறைதான் வரும் என்பதால், சில நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தால்தான் தெரியும். வளர்ப்பு ஹாம்ஸ்டர்களிடம் இதைத் தாங்கும் கொழுப்பு இருப்பு பெரும்பாலும் இருக்காது. அப்படியே விட்டால் இறந்துவிடும்.

அறையை 20 டிகிரிக்கு மேல் கொண்டுவாருங்கள். குவித்த கைகளில், உங்கள் உடம்போடு சேர்த்து வைத்திருங்கள். அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை ஆகலாம். ஹேர் டிரையர், ஹீட்டர், வெந்நீர்ப் பை என்று அவசரப்படுத்தினால் அதிர்ச்சியிலேயே உயிர் போகும். விழிக்கும் முன் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். விழித்து நடமாடத் தொடங்கியபின் நீரும் உணவும் எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். அறை முழு இரவும் 22 டிகிரியில் இருந்திருந்தால் இது குளிரால் வந்ததல்ல, நோய். நேராக மருத்துவரிடம் போங்கள்.

வால் பக்கம் ஈரமாக, அழுக்காக இருக்கிறது. நாளை வரை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தளர்ந்த மலம், வாலடி நனைந்திருத்தல், கெட்ட நாற்றம், முதுகைக் கூனி உட்கார்தல் எல்லாம் சேர்ந்தால் அது "வெட் டெயில்" எனப்படும் கடும் குடல் அழற்சியாக இருக்கலாம். இளம் ஹாம்ஸ்டர்களையும், இடம் மாறி மிரண்டவற்றையும் அதிகம் தாக்குகிறது. உடலில் நீர் வற்றி ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை பச்சைக் காய்கறியை நிறுத்துங்கள், கதகதப்பாக வையுங்கள், கழுவாதீர்கள்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து, நச்சுக் கிருமிகள் பெருக இடம் கொடுத்து, அதையே கொன்றுவிடும். மூச்சில் சத்தம் வந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, இரத்தம் தெரிந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். பிரச்சினை உண்டா?

உண்டு. கொறிவிலங்குகளிடமிருந்து பரவும் எல்.சி.எம். எனப்படும் வைரஸ் கருவைப் பாதிக்கக்கூடியது. வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதே பதில்தான்.

கூண்டுக் கதவைச் சரியாகப் பூட்டவில்லை. தப்பிவிட்டது. இனி?

பூனை, நாயை முதலில் வேறு இடத்தில் அடைத்து வையுங்கள். எல்லா அறைக் கதவுகளையும் மூடி, கதவடி இடுக்கில் துணி செருகுங்கள். தரையில் பாதம் பார்த்து வையுங்கள். சோபாவை இழுக்காதீர்கள், சாய்வு நாற்காலியை மடக்காதீர்கள். உள்ளே இருந்தால் நசுங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்புறம், அலமாரியின் அடி, துணிக்குவியல், புத்தக வரிசையின் பின்பக்கம் என்று கதகதப்பான இருட்டு இடங்களைத் தேடும். சுவரை ஒட்டியே ஓடும்.

பகலில் கிடைக்கவில்லையென்றால் இரவு நமக்குச் சாதகம். ஒவ்வொரு அறையிலும் எண்ணி 5 சூரியகாந்தி விதை வையுங்கள். சுற்றிலும் கொஞ்சம் மாவு தூவுங்கள். எந்த அறையில் விதை குறைந்து மாவில் கால்தடம் இருக்கிறதோ அந்த அறையில் இருக்கிறது. பிறகு அந்த அறையில் மட்டும் ஒரு ஆழமான வாளியை வைத்து, அடியில் கெட்டியாகப் படுகை போட்டு, அதன் கூட்டிலிருந்து எடுத்த ஒரு பிடியும், மணமான உணவும் உள்ளே வையுங்கள். புத்தகங்களைப் படிபோல் அடுக்கி விளிம்பு வரை ஏற வழி செய்யுங்கள். ஏறி உள்ளே இறங்கும், வழுவழுப்பான சுவரில் திரும்ப ஏற முடியாது. பக்கத்திலேயே கூண்டையும் தரையில் திறந்து வையுங்கள். பசித்தால் தானே திரும்பி வருவதும் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தால் காகிதம் பிறாண்டும் சத்தம் கேட்கும். கண்டதும் பாய்ந்து பிடிக்காதீர்கள். சுவரோரமாக ஒரு குழாயையோ கோப்பையையோ கிடத்தினால் தானாக நுழையும். கிடைத்தபின் கால், பல், எடை மூன்றையும் பாருங்கள், நடந்ததை அன்றே சொந்தக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.