புதிய ‘மேசியா’ ஒலிப்பதிவு: சுருதி சேராத சிடியைத் திருப்பித் தரலாமா?

கேள்வி: எங்கள் சபையின் பாடகர் குழு, கிறிஸ்துமஸுக்காக இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மேசியா’ என்ற நீண்ட இசைப்படைப்பிலிருந்து சில கோரஸ்களைப் பழகி வருகிறது. பயிற்சிக்கு உதவும் என்று, அண்மையில் வெளிவந்த ஒரு புதிய ஒலிப்பதிவை இணையக் கடையில் வாங்கினோம். ‘முழுமையான பதிவு’ என்று விளம்பரத்தில் இருந்தது; வந்ததோ ஒரே ஒரு சிடி. கீபோர்டோடு சேர்த்துப் பாடினால் சுருதியும் சேரவில்லை. சிடியில் கோளாறா? பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்து எதை வாங்குவது?
– பாடகர் குழுப் பொறுப்பாளர், ஈரோடு

பதில்: சுருதி சேராததற்குச் சிடியைக் குறை சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். ஹேண்டல் காலத்து வாத்தியங்களை வைத்துப் பதிவு செய்யும் குழுக்கள் பெரும்பாலும் சுருதிக்கு அளவாகும் மேற்கத்திய ‘ஏ’ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 415 அதிர்வுகள்) அமைத்துக்கொள்கின்றன. உங்கள் கீபோர்டில் அது 440 ஆக இருக்கும். இரண்டுக்கும் இடையே அரைக் கட்டை வித்தியாசம். அதனால் டி மேஜரில், அதாவது 2 கட்டையில் எழுதப்பட்ட அல்லேலூயா கோரஸ், அந்தப் பதிவில் ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ‘மைனஸ் 1’ என்று வைத்து வாசித்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் காரணம் இதுதான். ஆனால் பயிற்சி முழுவதையும் இப்படியே நடத்துவது நல்லதல்ல. அல்லேலூயாவில் சொப்ரானோ குரல்கள் (மிக உயர்ந்த பெண் குரல்கள்) ஒரே ஸ்வரத்தில் நீண்டு நின்று, பின் படிப்படியாக மேலே ஏறும் இடம் ஒன்று உண்டு. தாழ்ந்த சுருதியில் அதைப் பழகியவர்கள், பண்டிகையன்று ஆர்கன் அரைக் கட்டை உயர்த்தி ஒலிக்கும்போது மூச்சுக்குத் திணறுவார்கள்.

முழுமை பற்றிய உங்கள் புகார் முற்றிலும் நியாயமானது. ‘மேசியா’வை முழுதாகப் பாட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும், ஒரு ஆடியோ சிடி கொள்வது சுமார் 80 நிமிடம்தான். ஆகவே ஒரே சிடியில் வருவது தேர்ந்தெடுத்த பகுதிகளாகவே இருக்க முடியும். இ-காமர்ஸ் விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமையில்லை. ‘முழுமையான பதிவு’ என்ற சொற்கள் தெரியும்படி விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து, பில்லோடும் சிடி உறையின் பின்பக்கப் படத்தோடும் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஈரோடு மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

அடுத்து வாங்கும்போது, பதிவு புதியதா என்பதைவிட அது எந்த ‘மேசியா’ என்பதையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். 1741-இல் 24 நாட்களில் எழுதி, 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாக அரங்கேற்றிய இந்தப் படைப்பை, ஹேண்டல் பாடகர்களுக்கு ஏற்பப் பலமுறை மாற்றினார். 1789-இல் இன்னொரு இசையமைப்பாளரான மோட்சார்ட் கூடுதல் வாத்தியங்களைச் சேர்த்து அமைத்த வடிவமும் உண்டு. உங்கள் கையிலுள்ள இசைப் புத்தகத்தோடு பாடல் பட்டியலை ஒப்பிடாமல் வாங்கினால், நீங்கள் பழகும் பகுதியே இல்லாமல் போகலாம். இரண்டு சிடிகள் கொண்ட தொகுப்பிலும் சில பாடல்களை விட்டிருக்கக்கூடும். ‘புதிய வெளியீடு’ என்று வருவது பழைய பதிவின் ஒலியைச் செம்மைப்படுத்திய ரீமாஸ்டராகவும் இருக்கக்கூடும். பதிவு செய்த இடமும் நாளும் உள்ளிருக்கும் கையேட்டில் இருக்கும்.

பாடகர் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். டப்ளினில் பாடியவர்கள் 30 பேர் அளவில்தான்; 1784-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வாத்தியக்காரர்களையும் சேர்த்து சுமார் 500 பேர் பங்கேற்றனர். பிரம்மாண்டம் கேட்க இனிமைதான். ஆனால் நடுக் குரல்களான ஆல்ட்டோவும் டெனரும் தங்கள் வரியைப் பிரித்துக் கேட்டுப் பழகச் சிறிய குழுவின் பதிவே உதவும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, தற்கால வாத்தியங்களோடு சிறு குழு பாடிய, இரண்டு சிடிகளுக்குக் குறையாத தொகுப்பு. பணம் கட்டுவதற்கு முன், அதே பதிவின் அல்லேலூயாவை ஏதேனும் ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலிக்கவிட்டு, டிரான்ஸ்போஸை பூஜ்யத்தில் வைத்துக் கீபோர்டில் டி ஸ்வரத்தைத் தொட்டுப் பாருங்கள், சேர்ந்தால் வாங்கலாம்.